தலையில் அடிபட்டால் மறைக்காதே!

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மும்பையில் 88 வயது தாத்தா ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய மண்டையோட்டில் பொருத்தியிருந்த ஓர் உலோகத் தகட்டை டாக்டர்கள் வெளியே எடுத்தார்கள். அந்தத் தகட்டை எப்போது வைத்தார்கள் தெரியுமா, பிள்ளைகளே? 1962இல்! அறுபது வருடம் அதைத் தலையில் வைத்துக்கொண்டே அவர் நடமாடினார், குடும்பம் நடத்தினார், கிரிக்கெட்கூட விளையாடினார்.

யார் அவர்? இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் நாரி கான்ட்ராக்டர். அந்தத் தகட்டை வைத்தது எந்த வெளிநாட்டிலும் இல்லை. நம் தமிழ்நாட்டில், வேலூரில்தான்.

1962 மார்ச் மாதம் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. பார்படோஸ் தீவு அணியுடன் ஓர் ஆட்டம். கான்ட்ராக்டர் இடது கை ஆட்டக்காரர். அப்போது அவருக்கு வயது 28. சார்லி கிரிஃபித் என்ற வேகப்பந்து வீச்சாளர் போட்ட பந்து எகிறி வந்து, அவருடைய வலது காதுக்குச் சற்று மேலே தாக்கியது. அந்தக் காலத்தில் கிரிக்கெட்டில் ஹெல்மெட் கிடையாது. மண்டையோடு உடைந்துவிட்டது. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு மூளையை அழுத்தத் தொடங்கியது. அவசர அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

ரத்தம் வேண்டுமே! முதலில் கை நீட்டியவர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எதிரணியின் நாட்டுக்காரர், மேற்கிந்தியத் தீவுகள் அணியின் கேப்டன் ஃபிராங்க் வொரல்! நம் வீரர்கள் போர்டே, நட்கர்னி, உம்ரிகர் ஆகியோரும் ரத்தம் கொடுத்தார்கள். அந்த நன்றியை மறக்காமல், கொல்கத்தாவில் பிப்ரவரி 3ஆம் தேதியை வொரல் பெயரால் ரத்ததான நாளாக 1981 முதல் கொண்டாடத் தொடங்கினார்கள்.

கான்ட்ராக்டர் பிழைத்தார். கேப்டன் இல்லாத அணிக்கு 21 வயதே ஆன பட்டோடி கேப்டன் ஆனார். நாடு திரும்பிய கான்ட்ராக்டருக்கு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தகடு பொருத்தினார். இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை நரம்பு அறுவை சிகிச்சைக்கு என்று தனிப்பிரிவு தொடங்கியவர் இவர்தான். 1949இல் அதே வேலூரில் தொடங்கினார். அடுத்த வருடமே, சீர்காழியில் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் அந்த வேலையை ஆரம்பித்தார். நம் ஊர்ப் பக்கம் பெருமை பேசுவதற்கு எத்தனையோ விஷயங்கள் உண்டு. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட பத்து மாதத்தில் கான்ட்ராக்டர் மறுபடி மட்டை பிடித்தார். ஆனால், டெஸ்ட் போட்டியில் ஆடும் வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

தூக்குவாளியில் நுங்கு

ஒரு பந்து பட்டால் ஏன் இவ்வளவு ஆபத்து? நம் தலை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் புரியும்.

எல்லாவற்றுக்கும் வெளியே முடியும் தோலும். அதற்கு அடியில் மண்டையோடு. மூளையைச் சுற்றியுள்ள பெட்டி மட்டும் எட்டு எலும்புகள் சேர்ந்தது. அதற்குள்ளே மூன்று சவ்வுகள். வெளிச்சவ்வு தோல்போல் கெட்டியானது. உள்ளே இருக்கும் இரண்டும் மெல்லியவை. அந்த இரண்டுக்கும் நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. அந்த நீரில் மிதக்கிறது மூளை. பெரியவர்களுக்கு மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். ஆனால், நீரில் மிதப்பதால் 50 கிராம்போலத்தான் அது அழுத்தும். கிணற்றில் நீந்தும்போது உடம்பு லேசாக இருக்கிறதல்லவா, அதே கணக்குதான்.

மூளை கெட்டியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இளநுங்கு எப்படி இருக்கும்? தொட்டால் குழையும். மூளையும் அப்படித்தான். ஒரு தூக்குவாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதில் பெரிய நுங்கு ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். அதை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வேகமாகப் போய், சட்டென்று பிரேக் பிடியுங்கள். வாளி நின்றுவிடும். நுங்கு நிற்குமா? முன்பக்கம் போய் மோதும், பிறகு பின்பக்கம் போய் மோதும். வாளியில் ஒரு கீறல்கூட இருக்காது. திறந்து பார்த்தால் நுங்கு நசுங்கியிருக்கும்.

தலைக்காயத்தில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வெளியே பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்ல முடியாது.

வெளியே தெரியும் காயத்தையே எடுத்துக்கொள்வோம். தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். சின்னதாகக் கிழிந்தாலே சட்டையெல்லாம் ரத்தமாகிவிடும். வீட்டில் கூச்சலும் அழுகையுமாக இருக்கும். பெரும்பாலும் இது அவ்வளவு ஆபத்தானது இல்லை. சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு தையலில் சரியாகிவிடும். காப்பித்தூளை அள்ளி அப்புவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்குள் உங்களுக்குத்தான் உயிர் போகும்! தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டினால் 'கொம்பு முளைத்துவிட்டது' என்று கேலி செய்வோமே, அந்தப் புடைப்பு வரும்.

அடி பலமாக இருந்தால் மண்டையோட்டில் விரிசல் விழும். சில சமயம் நெளிந்த குடம்போல எலும்பு உள்ளே அமுங்கி, மூளையைக் குத்தும். மண்டையோட்டின் அடித்தளம் உடைந்தால் இன்னொரு அடையாளம் உண்டு. காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ, தெளிந்த நீரோ சொட்டும். சளி என்று நினைத்துவிடக் கூடாது. மூளையைச் சுற்றியிருக்கும் நீரே கசிகிறது என்று அர்த்தம். அதைப் பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது.

எலும்பு உடையாமலே மூளை குலுங்கிப்போவது இன்னொரு வகை. மூளை அதிர்ச்சி என்று சொல்வோம். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நினைவு தப்பாமலேயே வரலாம். தலை சுற்றும், கண் மங்கும், 'நான் எப்படி இங்கே வந்தேன்?' என்று கேட்பார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள்.

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது இது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டது. கீழே விழுந்தார். சோதனை செய்தார்கள். அன்றே திரும்பி வந்து ஆடி, 92 ரன்னில் அவுட் ஆனார். நன்றாகத்தானே இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலையில் தலைவலி, தலைசுற்றல்! ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக லபுஷேன் களம் இறங்கினார். மூளை அதிர்ச்சி என்றால் மாற்று ஆளை ஆட விடலாம் என்று டெஸ்ட் போட்டிகளில் புது விதி வந்த பிறகு, முதல் மாற்று வீரர் அவர்தான்.

மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர், டாக்டர் சொல்லும்வரை விளையாடப் போகக்கூடாது. முதல் அடியே ஆறாதபோது இரண்டாவது அடி பட்டால், அது சிறியதாக இருந்தாலும் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

மூன்று பந்துதானே!

தூக்குவாளி உதாரணத்தில் நுங்கு நசுங்கியதல்லவா? அதுபோல மூளையே கன்றிப்போவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பின்மண்டையில் அடிபட்டவருக்கு மூளையின் முன்பகுதி கன்றியிருக்கும்!

எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது உள்ளே ரத்தம் கசிவதுதான். காதுக்கு மேலே, பொட்டு என்கிறோமே, அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். மண்டையோட்டில் அங்கே எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிந்தால் அந்தக் குழாய் கிழியும். ரத்தம் எலும்புக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவில் சேரும். முதலில் கொஞ்சம்தான். அடிபட்டவர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, சிரித்துப் பேசுவார். நேரம் ஆக ஆக ரத்தம் கூடும். மண்டையோடு மூடிய பெட்டி, விரிந்துகொடுக்காது. உள்ளே இருக்கும் மூளைதான் நசுங்க வேண்டும். சில மணி நேரத்தில் ஆள் மயங்கிவிடுவார்.

இந்தியாவுக்காக ஆடிய ராமன் லம்பாவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1998 பிப்ரவரியில் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். மட்டையாளருக்கு மிக அருகில் நின்று தடுப்பாட்டம் செய்யப் போனார். ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓவரில் இன்னும் மூன்று பந்துதானே மீதி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த பந்தை மட்டையாளர் ஓங்கி அடிக்க, அது லம்பாவின் தலையில் பட்டு, விக்கெட் கீப்பரின் கைக்குப் போனது. அவ்வளவு வேகம்! லம்பா எழுந்து, தானே நடந்துதான் அறைக்குப் போனார். பெரிய அடியாகத் தெரியவில்லை. ஆனால், தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நினைவிழந்தார். அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. பிப்ரவரி 23ஆம் தேதி, 38 வயதில் இறந்துபோனார்.

மெதுவாகக் கசிகிற வகையும் இருக்கிறது. இது வயதானவர்களுக்கு அதிகம். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார். தைலம் தேய்த்துக்கொண்டு மறந்தும் போயிருப்பார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம். 'வயசாயிருச்சுல்ல' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சவ்வுக்கு அடியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். பாட்டி விழுந்தது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல், உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சத்தியம் வாங்கிய பையன்

சிவகிரிப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1980களில் இருக்கும். ஆறாம் வகுப்பு. மதியம் மூன்று மணிக்கு ஒரு பையன் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தான். சாப்பிட்ட மயக்கம் என்று எல்லோருக்கும் நினைப்பு. பின்வரிசையிலிருந்து இன்னொரு பையன் எழுந்தான். உதடு நடுங்குகிறது.

"சார், அவன் ஒறங்கல சார். காலைல புளியமரத்துல இருந்து விழுந்துட்டான். மத்தியானம் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் சார்."

"ஏன்டா சொல்லக்கூடாதாம்?"

"அவங்க அம்மைக்குத் தெரிஞ்சா அடிக்கும்னு…"

புளியங்காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்திருக்கிறான். முதல் பீரியடில் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தவன் இப்போது எழுப்பினால் முனகுகிறான். ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. தலைமையாசிரியர் வாடகைக் கார் பிடித்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அன்று இரவே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மொட்டைத் தலையோடு பள்ளிக்கு வந்தான். இப்போது அவனுடைய மகன் கல்லூரியில் படிக்கிறான்.

சொல்லிக்கொடுத்த பையனை அன்று வகுப்பில் நாலைந்து பேர் 'காட்டிக்கொடுத்துட்டான்' என்று முணுமுணுத்தார்கள். சத்தியத்தை மீறலாமா சார் என்று ஒருத்தி கேட்கவும் செய்தாள். மாங்காய் திருடியதைச் சொல்லிக்கொடுப்பது வேறு; இது வேறு என்றேன். ஒருவன் உயிரை வைத்து வாங்குகிற சத்தியத்துக்கு மதிப்பே கிடையாது. அம்மாவின் அடி இரண்டு நிமிடம் வலிக்கும். அதுவும், தலையில் அடிபட்டவனை எந்த அம்மாவாவது அடிப்பாளா? பயத்தில் நாமாக நினைத்துக்கொள்வதுதான்.

அந்தப் பையனிடம் இருந்த அடையாளங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்பாவை பெரிதாவது. இவற்றோடு, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்வது, காது மூக்கில் நீர் கசிவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிதான். ஒன்றும் இல்லாமல் நன்றாக இருந்தாலும், பலமாக அடிபட்டவரை ஒருநாளாவது தனியாக விடக்கூடாது. தூங்கவே விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர் பார்த்து, பயமில்லை என்று அனுப்பிய பிறகு தூங்கலாம். இடையிடையே எழுப்பி, சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

விழுந்து கிடப்பவரைக் கண்டதும் நாலு பேர் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். ஒருவர் சோடா வாங்கி வருவார். இரண்டுமே தவறு. கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கலாம், தலையையும் கழுத்தையும் அசைக்காமல் இருக்கச் செய்ய வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நம் சிவகிரி வழியாக ஓடும் மதுரை - கொல்லம் சாலையில் லாரிகளுக்குக் குறைவில்லை. இதை நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். 108க்கு போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இந்த ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. சின்னப் பிள்ளைகளும் கூப்பிடலாம். எந்த இடம் என்று மட்டும் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் ஒரு பரீட்சை வைப்பார். 'கண்ணைத் திற', 'உன் பேர் என்ன?', 'கையைத் தூக்கு' என்பார். கண் திறப்பதற்கு 4 மதிப்பெண், பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. மொத்தம் 15. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு டாக்டர்கள் 1974இல் உருவாக்கிய முறை. இந்தப் பரீட்சையில் முட்டை வாங்கவே முடியாது. எதுவும் செய்யாதவருக்கும் 3 மதிப்பெண் உண்டு! 8, அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசம் என்று பொருள்.

பிறகு சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயில் எலும்புதான் நன்றாகத் தெரியும். உள்ளே கட்டியிருக்கும் ரத்தத்தைப் படம்பிடித்துக் காட்டுவது ஸ்கேன். இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் உருவாக்கிய அந்த இயந்திரத்தில் 1971இல்தான் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கான்ட்ராக்டருக்கு அடிபட்ட 1962இல் இது கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். அன்றைய டாக்டர்கள் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள்!

கிரிக்கெட்டில் ஹெல்மெட் வந்த கதை சுவையானது. 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் டென்னிஸ் அமிஸ் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆட வந்தார். கேலி செய்தவர்கள் உண்டு. இன்று அது இல்லாமல் யாரும் வேகப்பந்தை எதிர்கொள்ளப் போவதில்லை.

நம் தெருவிலோ இன்னும் லம்பா சொன்ன பதில்தான். 'கடைத்தெரு வரைக்கும்தானே', 'டியூஷனுக்குத்தானே'. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது 2019இல் திருத்திய சட்டத்தில் இருக்கிறது. அப்பா ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேலே வைத்து ஓட்டினால், டேங்கைக் காப்பாற்றப் போகிறீர்களா அப்பா என்று கேளுங்கள். கொக்கியை மாட்டாத ஹெல்மெட்டும் பயன்படாது. விழுகிற வேகத்தில் நமக்கு முன்னால் அது ஓடிவிடும்.

வாங்கும்போது மேலே இருக்கும் படத்தையும் நிறத்தையும் பார்க்காதீர்கள். உள்ளே தெர்மகோல் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அடி விழும்போது தான் நசுங்கி, மூளைக்குப் போகிற அதிர்ச்சியைக் குறைப்பது அதுதான். ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்கு வராது. அதனால், பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே புதிதுபோல் மின்னினாலும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.